வெல்லம் மிச்சம்

ஏனுங்க, இந்த பெஞ்சுல ஆராச்சும் வர்றாங்களா? இல்லீங்களா? அப்ப சித்த உக்காந்துக்கறேன். நீங்க தள்ள வேண்டாமுங்க, எனக்கு ஒரு சாண் எடம் போதும். உங்களுக்குத்தான் கொஞ்சம் தாராளமா வேணும். கோவிச்சுக்காதீங்க. எழுபத்தி நாலு கிலோ இருப்பீங்களா? எழுபத்தி மூணுங்களா! செருப்போட ஏறியிருந்தீங்கன்னா எழுபத்தி நாலு காட்டியிருக்கும். நான் பாத்தே சொல்லிப்போடுவேனுங்க. சந்தையில மாட்டுத் தரகரு பாக்கற மாதிரி ஒரு பார்வை பாத்தாப் போதும். பொறவியிலயே எனக்கு அப்படி ஒரு ஞானம்.

இந்த ஸ்வெட்டரைத்தான பாக்கறீங்க? எல்லாரும் பாக்கறாங்க. சித்திரை மாசத்துல எதுக்கு ஸ்வெட்டர்னு. எனக்குக் குளுருமுங்க. எப்பவும் குளுரும். கொழுப்பில்லாத ஒடம்புக்குத்தான் குளுரு தெரியும். உங்களுக்கு வேர்க்குது பாருங்க, அது வேற ஒடம்பு.

என்னங்க இது? தேங்காப் பன்னுங்களா? ஐயோ, எனக்கு வேண்டாமுங்க. நீங்க உண்ணுங்க. இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன். இல்ல, வீட்டுல இல்ல, வர்ற வழியில. அட, கையில திணிக்கறீங்களே. சரி, குடுங்க. வெச்சிருந்து அப்பறமாத் திங்கறேன்.

உங்களுக்கு ஆருங்க உள்ள? பையனுங்களா? பரிச்சைப் பயமா? அதெல்லாம் சரியாப் போயிரும். எனக்குப் பொண்ணு. பிரகதின்னு பேரு. காலேஜ் ரெண்டாவது வருசம். ஒரு நோவும் இல்லீங்க. சோறு திங்க மாட்டேங்கறா, அவ்ளோதான். அதுக்கு இந்த ஆஸ்பத்திரியில போட்டு ஒரு மாசத்துக்கும் மேல ஆச்சு. மூக்குல குழாய் போட்டு கஞ்சி ஊத்துனாங்க. இப்பக் குழாயை எடுத்துட்டாங்க. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. எந்த வீட்டுக்குங்கறதுதான் கேள்வி. அதைச் சொல்றேன் இருங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு ஞாயம் புரியும்.

எல்லாம் எங்கூட்டுக்காரரு வகையறாவால வந்த வினை. அந்தக் குடும்பத்தை நீங்க பாக்கோணும். ஆளாளுக்கு ஒரு நெல்லு மூட்டை. கண்ணாலத்துக்குப் போனாங்கன்னா பந்தியில ரெண்டு பேரு எடத்துல ஒருத்தரு உக்காருவாங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா ஒருத்தி இருக்கறா, எனக்கு நங்கையா மொறை. லோகாம்பான்னு பேரு. அவ ஸ்கூட்டர்ல ஏறுனா ஸ்கூட்டரு அழுதுருமுங்க. இத்தனைக்கும் அவ திங்கறது ரொம்ப இல்லீங்க. ஞாயமாச் சொல்லோணும். காலைல ரெண்டு இட்டலி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ரசம், பொரியல் ரெண்டு தரம், ராத்திரிக்கு ஒரு தோசை, அதுல பாதியை நாய்க்குப் போட்டுருவா. நான் பாத்துட்டே இருப்பேன். ஆரு என்ன திங்கறாங்கன்னு பாக்காமப் போனா எனக்கு மனசு ஒப்பாது. ரெண்டு இட்டலி தின்னு ஒருத்தி அப்படி ஊதறான்னா, அது ரத்தத்துல இருக்குது. அவங்க அப்பனும் அப்படி, அப்பனோட அப்பனும் அப்படி. பாடை கட்டறவன் ரெண்டு மூங்கிலு சேத்துக் கேட்டானாமா.

இந்த லோகாம்பாளுக்கு எங்க கொலதெய்வம் கோயில்ல துலாபாரம் குடுத்தாங்க. உங்க பக்கம் உண்டுங்களா? தராசுல ஒரு தட்டுல ஆளை உக்கார வெச்சு, இன்னொரு தட்டுல எடைக்கு எடை வெல்லம் வெப்பாங்க. அது சாமிக்கு. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசு. கொண்டு போன வெல்லமெல்லாம் வெச்சாச்சு, தட்டு அசையலீங்க. ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா நிக்குது. கடைக்கு ஆளை அனுப்பி இன்னொரு மூட்டை வாங்கிட்டு வந்து கொட்டுனாங்க. அது வர்ற வரைக்கும் இவ தட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்து, தானும் சேந்து சிரிச்சுட்டு இருக்கறா! வெக்கம் வேண்டாமுங்களா? நானா இருந்தா அந்த எடத்துலயே உசுரை விட்டிருப்பேன். அந்தக் கதையை நான் சொல்லாத கண்ணாலம் இல்லை, சொல்லாத காதுகுத்து இல்லை.

எங்க பொறந்தூடு அப்படி இல்லீங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் கொடி மாதிரி. எங்கம்மா வளையல் பாப்பா. பாத்திருக்கறீங்களா? கையில போட்ட வளையலை அப்படியே மேல தள்ளோணும். முழங்கை வரைக்கும் போச்சுன்னா அன்னைக்குச் சோறு உண்டு. நடுவுல நின்னுபோச்சுன்னா மோரு மட்டும். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பாப்பா. நானும் எங்க சுலோச்சனாக்காளும் கையை நீட்டிட்டு நிப்போம். அது ஒரு ஒழுக்கமுங்க. இப்பத்த புள்ளைங்களுக்கு ஆரு சொல்லிக்குடுக்கறாங்க?

சுலோச்சனாக்கா இப்ப இல்லீங்க. கட்டிக்குடுத்த எடத்துல அவளுக்குச் சோறு எறங்கல. நோவு கீவு ஒண்ணும் கெடையாது, அல்சர்னு சொன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா உண்ணறதை விட்டா. வாரத்துல இன்ன நாளு இன்ன சாமிக்குன்னு எல்லா நாளும் விரதம். அவ்ளோ பக்தி. கடைசியில தூக்கிட்டுப் போனவங்க சொன்னாங்க, அம்மணி பாரமே தெரியலைன்னு. அந்த மாதிரி ஒரு சாவு எல்லாருக்கும் வாய்க்குமுங்களா, சொல்லுங்க.

பன்னுங்களா? திங்கறேன் திங்கறேன். பிச்சுப் பிச்சுத்தான் திம்பேன். இந்தாங்க, எறும்புக்கும் கொஞ்சம். அதுவும் உசுருதான?

பிரகதி பொறந்தப்ப அதுக்கு உசுரு நிக்குமான்னே சந்தேகம். கண்ணாடிப் பொட்டியில வெச்சிருந்தாங்க. அப்ப நான் வேண்டிக்கிட்டேன், இவ பொழச்சு வந்து பதினெட்டு முடிஞ்சா எடைக்கு எடை வெல்லம் குடுக்கறேன் தாயேன்னு. பொழச்சா. நல்லாப் பொழச்சா. ரொம்ப நல்லாப் பொழச்சு, வயசுக்கு வந்ததும் அப்பன் ஊட்டுச் சாயல் அடிக்க ஆரம்பிச்சுருச்சுங்க. கன்னம் லோகாம்பா கன்னம். இடுப்பு லோகாம்பா இடுப்பு. போதாததுக்கு அந்த அத்தைக்காரி வந்தா மடியில போட்டுக் கொஞ்சுவா, எங்கொப்பனாட்டமே இருக்கறா எந்தங்கம்னு. எனக்கு அந்தத் தராசுத் தட்டு கண்ணு முன்னால வந்து நிக்கும். எம்புள்ளை தட்டுல உக்காந்திருக்கறா, வெல்லம் பத்தல, ஒறம்பரை சிரிக்குது. நான் ஆரை எத்தனை கேலி பண்ணியிருக்கறேன்? எல்லாரும் காத்துட்டு இருப்பாங்கல்ல?

அதனால ஒரு வருசம் மிந்தியே ஆரம்பிச்சேன். பட்டினி எல்லாம் போடலீங்க, நான் என்ன ராட்சசியா? அரிசியைக் கொறச்சேன். நோம்பிக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம் எப்பவும் போலச் சுட்டேன். பலகாரத்துல என்னை மிஞ்ச ஆளில்லை, எங்க வீதியில கேட்டுப் பாருங்க. ஒண்ணு கூட வாயில போட்டுப் பாக்க மாட்டேன். மோந்து பாத்தே உப்பு சொல்லிப்போடுவேன். அவளுக்கும் அதைத்தான் சொல்லிக்குடுத்தேன். கண்ணு, மோந்து பாரு, வாசனையிலயே வயிறு நெறஞ்சுரும். மோந்துட்டு அப்பாவுக்குக் குடுத்துரு. வெள்ளிக்கெழமையில வளையல் பாத்தேன். மொதல்ல நடுக்கையில நின்னுச்சு. அழுதா. ரெண்டு மாசத்துல முழங்கைக்கு வந்துச்சு. நான் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்தேன். அவளுக்கு அன்னைக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமுங்களா?

அப்பறம் நான் ஒண்ணும் சொல்லவே இல்லீங்க. அவளாப் புடிச்சுக்கிட்டா. நான் ஒரு தோசையைக் கொறைன்னா அவ ரெண்டையும் கொறைப்பா. அப்படி ஒரு வைராக்கியம். அலமாரியில துணிக்கு நடுவுல சப்பாத்தி கெடந்துச்சு, பூசணம் புடிச்சு. அதைப் பாத்துத்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒளிச்சு வெக்கத் தெரியலையேன்னு இல்ல, என்ன நீங்க, வீணாப் போச்சேன்னு.

துலாபாரத்தன்னைக்கு நான் ஜாக்கிரதையா வெல்லம் நெறையாவே எடுத்துட்டுப் போனேன். பத்தாமப் போயிரக் கூடாதே. பட்டுப்பாவாடை கட்டி தட்டுல உக்கார வெச்சோம். இந்தப் பக்கம் பூசாரி வெல்லம் வெக்கறாரு. ஒரு மூட்டை. இன்னும் கொஞ்சம். அவ்ளோதானுங்க! வெல்லத் தட்டு பொத்துன்னு எறங்கிருச்சு, எம்பொண்ணு மேல போயிட்டா. பூசாரி பயந்து போயி தராசு கெட்டுப் போச்சாட்டம் இருக்குதுன்னு தட்டித் தட்டிப் பாக்கறாரு. வெச்சதைத் திருப்பி எடுக்கறாரு. எனக்குச் சிரிப்பு அடங்கல. எத்தனை வெல்லம் மிச்சம்! ஒறம்பரை ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கறாங்க. பொறாமைங்க. நானே மிச்ச வெல்லத்தை எடுத்து ஒவ்வொருத்தரு மடியிலயும் போட்டேன். எடுத்துக்கங்க, எம்பொண்ணு மிச்சம் வெச்ச வெல்லம்னு.

அப்ப இந்த லோகாம்பா என்ன பண்ணுனா தெரியுமுங்களா? நல்ல நாளும் அதுவுமா ஓன்னு அழுதுட்டு ஓடி வந்து, பூசாரி சொல்றதுக்கு மிந்தியே புள்ளையத் தட்டுல இருந்து தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. பதினெட்டு வயசுப் புள்ளையை! கைப்புள்ளையாட்டம்! என்னடி பண்ணி வெச்சிருக்கறே இவளைன்னு ஊரு முன்னால எங்கிட்டக் கத்தறா. நான் ஒண்ணுதான் சொன்னேன். நங்கையா, உங்க துலாபாரத்துக்குக் கடைக்கு ஆளு ஓடுச்சு, எம்பொண்ணுக்கு ஓடல, அந்த வவுத்தெரிச்சலைக் கோயில்ல காட்டாதீங்க. எங்கூட்டுக்காரரு அன்னைக்கு இருந்து எங்கிட்டச் சரியாப் பேசறதில்லை. பேசாட்டிப் போறாரு.

அதுக்கப்பறம் காலேஜ்ல மயக்கம் போட்டு விழுந்தா. கண்ணு பட்டுருச்சு, வேற என்ன? இங்க கொண்டாந்து சேத்தோம். கையப் பாத்தேன். வளையல் முழங்கையத் தாண்டி அக்குளுக்கே போகுதுங்க. தடுக்கறதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லை. அன்னைக்கு மட்டும் எனக்கு அது சரியாப் படல. எங்கம்மா அதுக்கு என்ன கணக்குன்னு சொல்லிக்குடுக்கலையே.

இங்க இருக்கற டாக்டரம்மா சின்ன வயசு. நல்லாப் பேசும். அம்பத்தி ஒம்பது கிலோ. மொதல் நாளே கேட்டுச்சு, உங்க குடும்பத்துல ஆருக்காச்சும் இந்த மாதிரி இருக்குதான்னு. ஓ, நெறையா இருக்குதுங்க, எங்கூட்டுக்காரரு வகையறா பூராவும் குண்டு, எங்க நங்கையா ரெண்டு இட்டலிக்கே அப்படி ஊதறான்னு ஆரம்பிச்சேன். அது கைய நீட்டித் தடுத்து, ஒடம்பு எடை குடும்பத்துல வர்றதுதாங்க, உங்க நங்கையா ரெண்டு இட்டலி தின்னாலும் அப்படித்தான் இருப்பாங்க, அது குத்தமில்லை, நோவும் இல்லை, நான் கேட்டது அதை இல்லை, உங்க பக்கம் ஆராச்சும் சாப்பிடாம இருந்தாங்களான்னு கேட்டேன்னு சொல்லுது. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. எங்க பக்கம் நோவாளி ஒருத்தரும் இல்லீங்க, எல்லாரும் ஒழுக்கமானவங்கன்னு சொல்லி, சுலோச்சனாக்கா விரதத்தையும் அம்மா வளையலையும் பெருமையாத்தான் சொன்னேன். எழுதறதை நிறுத்திட்டு எம்மூஞ்சியவே பாக்குது. என் ஸ்வெட்டரைப் பாக்குது. மாசத்தீட்டு எப்ப நின்னுச்சுன்னு கேக்குது. முப்பத்தெட்டுலயே நின்னுருச்சு, சாமி புண்ணியம், நெனச்ச நாள்ல கோயிலுக்குப் போலாம்னேன். நோவு இவளுக்கா எனக்கா?

அப்பறம் அது சொல்லுது, இதுவும் ரத்தத்துல வர்றதுதானாமா. குண்டா இருக்கறது வர்ற மாதிரியே, சாப்பிட முடியாமப் போறதும் வருமாமா. ஆனா வெதை இருந்தா மட்டும் மொளைச்சுராது, பட்டினிதான் அதுக்குத் தண்ணி, ஆரோ ஊத்தியிருக்கறாங்கன்னு. நான் ஆருங்க ஊத்துனதுன்னு கேட்டேன். கண்டுபுடிச்சுச் சொன்னா நாலு வாங்கு வாங்கிப்போடலாம்னுதான் கேட்டேன். அது பேனாவை மூடி வெச்சுட்டு, நீங்க காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு எங்கிட்டக் கேக்குது. படிச்சவங்க சமயத்துல கேள்விக்கே கேள்வி கேப்பாங்க.

இனிமேத்தான் எங்குறையே. பிரகதி இங்க ஆரு குடுத்தாலும் உண்ணல. இந்த லோகாம்பா சோத்துத் தூக்குப்போசியோட வந்தா. ரசஞ்சோறு பெசைஞ்சு, தானொரு வாய், அவளுக்கொரு வாய்னு ஊட்டியிருக்கறா. புள்ளை உண்டிருக்குது! நான் இல்லாதப்ப. எட்டிப் பாத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு இருக்கறாங்க. நான் உள்ள போனதும் வாயை மூடிக்கிட்டா. கெட்டியா மூடிக்கிட்டா. பத்து மாசம் சொமந்தவ நான்.

டாக்டரம்மா எம்பொண்ணுகிட்டயே கேட்டுச்சு, வீட்டுக்குப் போறதுக்கு என்ன பயம்னு. அவ சொல்றா, எங்கம்மா சோறு சாப்பிட்டு நான் பாத்ததே இல்லைன்னு. பாக்கறதுக்கு அதென்ன தேரோட்டமா? நான் எல்லாருக்கும் போட்டுட்டு அடுப்படியில உண்ணுவேன். நின்னுட்டே. சட்டியில ஒட்டுனதை. அதை என்ன பாக்கறது? அவ ஒரே புடியா நிக்கறா. அம்மா எனக்கு முன்னால ஒரு தட்டுச் சோறு முழுசா உண்டா நான் அவ கூடப் போறேன், இல்லாட்டி அத்தை கூடப் போறேன். டாக்டரம்மாவும் எங்கூட்டுக்காரரும் அதுதான் சரின்னு தலையாட்டறாங்க.

ஒரு தட்டுச் சோறு! எனக்கென்ன திங்கத் தெரியாதா? மொதல்ல ஒரு நாள் வெச்சாங்க, அன்னைக்குன்னு கிருத்திகை. அடுத்து வெச்சது சனிக்கெழமை, பெருமாளுக்கு. டாக்டரம்மா சிரிச்சுட்டே, விரதமில்லாத நாளா நீங்களே சொல்லுங்கன்னுச்சு. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, ஞாயித்துக்கெழமை சூரியனுக்கு. புதன் ஒண்ணுதான் காலி. புதன்னு சொல்லிட்டேன். அதுதான் இன்னைக்கு வந்தேன். உள்ள எல போட்டு வெச்சிருக்கறாங்க. பருப்பு, நெய்யி, ரசம். நெய்யி நல்ல நெய்யி. இங்க இருந்தே வாசனை வருது பாருங்க.

பயமெல்லாம் இல்லீங்க. ஸ்வெட்டர் கைய இழுத்து விட்டுக்கறது குளுருக்கு. ஆனா உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, மூஞ்சி தெரியாத ஆளு. எனக்கு எம்பொண்ணு வேணுமுங்க. அவ இல்லாம அந்த ஊட்டுல நான் ஆருக்குச் சமைப்பேன்? ஆரு கையில வளையல் பாப்பேன்?

இருங்க, இந்தப் பன்னை இப்பத் தின்னு பாக்கறேன். ஒத்திகையாட்டம். நீங்க பாத்துட்டே இருங்க. இதா, வாயில போட்டாச்சு. மென்னாச்சு. பாத்தீங்களா? என்ன பெரிய காரியம்... ம்... சித்த அந்தக் கைக்குட்டையக் குடுங்க. ஒண்ணுமில்ல. எறங்க மாட்டேங்குது. தொண்டையில சளி. துப்புனது தெரியலைல்ல? மடிச்சு வெச்சுக்கறேன், இந்தப் பையில. வேற ஆருகிட்டயும் சொல்லீறாதீங்க.

கூப்புடறாங்களா? என்னையா? பிரகதி அம்மான்னா சொன்னாங்க? வர்றேன் சிஸ்டர், ஒரே நிமிசம். கதவு தொறந்திருக்குது பாருங்க. அதான் எம்பொண்ணு. அந்தப் பக்கம் உக்காந்து எடத்தை அடைச்சுட்டு இருக்கறதுதான் லோகாம்பா. பிரகதி என்னையத்தான பாக்கறா? கையக் காட்டறா. வாம்மாங்கறா. ஒரு மாசமாச்சுங்க அவ அந்த வார்த்தை சொல்லி.

ஏனுங்க, இன்னைக்குப் புதன்தானுங்களே? நெசமாவா? காலண்டர்ல பாத்தீங்களா? அமாவாசை கிமாவாசை, பிரதோசம், ஏகாதசி ஒண்ணும் இல்லீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

இல்லீங்க, எங்க சுலோச்சனாக்கா புதன்கெழமையும் ஒண்ணு இருந்தா. எனக்கு நல்லா நெனப்பிருக்குது. சாகற வரைக்கும் விடாம இருந்தா. அது எந்தச் சாமிக்குங்கறதுதான் வர மாட்டேங்குது. சித்த பொறுங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியுமுங்களா? புதன்கெழமை எந்தச் சாமிக்குங்க?